திகதி முடிவதற்குள் சேதி வரவேண்டும்: மலையகச் சங்கங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சில வருடங்களுக்கு முன் மலையகத்தில், அதாவது இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியில், இருக்கும் எங்கள் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அடுத்த வருடம் திருத்த வேண்டிய பாதைகளைத் தெரிவு செய்ய ஒரு கூட்டம், சங்கத்திலிருந்து இரண்டு பேரை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது. கடிதம் தோட்ட ஆபீசில் 19 நாள் கிடந்திருக்கிறது. எங்கள் கைக்கு வந்தபோது கூட்டம் முடிந்து 6 நாள். மழைக்காலத்தில் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் எங்கள் பாதை அந்த வருடப் பட்டியலில் இல்லை.

அதற்குப் பிறகு நானும் நண்பர்கள் சிலரும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டோம். அரச அறிவிப்புகளையும் கருத்துக் கேட்புகளையும் தேடிப் பிடித்து, திகதி முடிவதற்குள் பக்கத்துத் தோட்டச் சங்கங்களுக்குச் சொல்வது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை பக்கம் போகும்போதெல்லாம் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றுக்கான பதில்கள் இவை.

இது எந்தச் சங்கங்களுக்கு?

மரண சகாய சங்கம், ஆலய பரிபாலன சபை, மாதர் சங்கம், இளைஞர் கழகம், விளையாட்டுக் கழகம், முதியோர் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம், எல்லாவற்றுக்கும்தான். "நாங்கள் செத்த வீட்டுக்குப் பந்தல் போடுகிற சங்கம்தானே, எங்களுக்கு எதற்கு இதெல்லாம்" என்று ஒரு பொருளாளர் கேட்டார். தோட்டத்தின் ஒரு டிவிசனில் (பிரிவில்) எத்தனை குடும்பம் இருக்கிறது, யார் வீட்டில் நோயாளி, எந்த லயத்தின் (வரிசை வீடுகளின்) கூரை ஒழுகுகிறது என்று மாதாமாதம் சந்தாப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போகிற அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. கருத்துக் கேட்கிறவர்களுக்கு அந்த விவரம்தான் வேண்டும்.

கருத்துக் கேட்பு என்றால் என்ன? கூட்டம் போட்டுப் பேசுவதா?

கூட்டமும் ஒரு வகை. ஆனால் பெரும்பாலும் அது ஓர் அறிவிப்பாகத்தான் வரும். "இப்படிச் செய்யப் போகிறோம், ஆட்சேபனையோ யோசனையோ இருந்தால் இந்தத் திகதிக்கு முன் எழுத்தில் தாருங்கள்" என்று இருக்கும். அப்படி எழுதிக் கொடுத்தது கோவையில் (அலுவலகக் கோப்பில்) ஏறும். வாயால் சொன்னது அந்த அறையோடு போய்விடும்.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். 2024 மே தினத்தை ஒட்டி, தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,700 ரூபா ஆக்கும் முன்மொழிவு வர்த்தமானியில் (அரசிதழில்) வந்தது. அடிப்படை 1,350, மேலதிகமாக 350. மேடைகளில் அதைச் சொன்னபோது கைதட்டினோம். அதே வர்த்தமானியில் மே 15 வரை ஆட்சேபனை தெரிவிக்கலாம் என்றும் இருந்தது. அது ஒரு கருத்துக் கேட்பு. தோட்டக் கம்பனிகள் தங்கள் எதிர்ப்பை எழுத்தில் வைத்தன, பிறகு நீதிமன்றமும் போயின. செப்டெம்பரில் வந்த வர்த்தமானியில் 1,350 ரூபாதான் நின்றது. தொழிலாளர் பக்கத்திலிருந்து ஒரு மாதர் சங்கமோ மரண சகாய சங்கமோ "ஒரு குடும்பத்துக்கு அரிசி, மா, பஸ் காசு, பிள்ளைகளின் கொப்பி இவ்வளவு" என்று கணக்கெழுதி அனுப்பியதாக நான் போன இடங்களில் ஒருவரும் சொல்லவில்லை. அனுப்பியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. நம் கணக்கும் கோவைக்குள் இருந்திருக்கும்.

மின்கட்டணம் இன்னோர் உதாரணம். கட்டணத்தை மாற்றும் முன் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும். எழுத்திலும் கொடுக்கலாம், மாகாணங்களில் நடக்கும் அமர்வுகளுக்குப் போய் வாய்மொழியாகவும் சொல்லலாம். 2025 ஒக்டோபரில் மின்சார சபை கேட்ட 6.8 சதவீத உயர்வை, கருத்துக் கேட்டு முடிந்தபின் ஆணைக்குழு ஏற்கவில்லை.

மூன்றாவது, பெரிய கட்டுமானங்கள். தேசிய சுற்றாடல் சட்டப்படி, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்த்துக் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அணை, மின்திட்டம், பெருவீதி என்று நம் ஆற்றையும் மலையையும் தொடும் திட்டங்கள் இந்த வழியாகத்தான் வரும். மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தால் சென் கிளேயர் நீர்வீழ்ச்சி மெலிந்துபோனதை தலவாக்கலைப் பாதையில் போகிற எல்லோரும் பார்க்கிறோம். அடுத்த திட்டத்தின் அந்த 30 நாள் எப்போது தொடங்கும் என்று விழிப்பாக இருக்க வேண்டியது ஆற்றங்கரையில் குடியிருக்கும் நாம்தான்.

அறிவிப்பு முதலில் எங்கே வரும்?

சட்டம், சம்பளம், காணி, எல்லை நிர்ணயம் போன்றவை வர்த்தமானியில் வரும். வழமையான வர்த்தமானி வெள்ளிக்கிழமை தோறும் வெளியாகும். அதிவிசேட வர்த்தமானிக்கு நாள் கிழமை கிடையாது. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் இலவசமாகப் பார்க்கலாம். இதற்கென்று ஒரு பிள்ளையை ஒதுக்குங்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளையோ கழகத்து இளைஞரோ, வெள்ளி இரவு கால் மணித்தியாலம் பார்த்தால் போதும். எங்கள் சங்கத்தில் அதைச் செய்கிறவர் ஒரு கொழுந்து மடுவக் கணக்கப்பிள்ளையின் மகள். தலைப்பை மட்டும் வாசித்து, நமக்குப் பட்டதென்று தெரிந்தால் எனக்குக் குரல் பதிவு அனுப்புவார்.

உள்ளூர் விஷயங்கள் பிரதேச செயலகத்து அறிவிப்புப் பலகையிலும் பிரதேச சபையிலும் கிராம உத்தியோகத்தரிடமும் வரும். நம் பெரியவர்கள் இன்னும் "ஏ.ஜீ.ஏ. ஒப்பிஸ்" என்று சொல்லும் இடம்தான் பிரதேச செயலகம். அடையாள அட்டைக்கோ பிறப்புச் சான்றிதழுக்கோ அங்கே போகிறவர்களிடம், வரும்போது பலகையை ஒரு படம் எடுத்து வரச் சொல்லுங்கள். பிரத்தியேகமாக ஒருவர் போகத் தேவையில்லை, பஸ் காசும் மிச்சம்.

அலுவலகம் ஏன் நம்மைத் தேடி வருவதில்லை என்று சிலர் கோபப்படுகிறார்கள். கோபம் நியாயமானது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. 2012 கணக்கெடுப்பில் அம்பகமுவ, நுவரெலியா என்ற இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளிலும் தலா 2 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். இவ்வளவு பேருக்குப் பிரிவுக்கு ஒரே ஓர் அலுவலகம்தான் இருந்தது. நோர்வூட், தலவாக்கலை என்று புதிய செயலகங்கள் கேட்டுப் போராடியதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது தபால். லயத்துக் கதவுக்கு இலக்கம் இல்லை, பாதைக்குப் பெயர் இல்லை. கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து பெரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில்) யாரிடமாவது கொடுக்கப்பட்டு, அவர் நினைவாகக் கொண்டுவந்தால்தான் உண்டு. இதற்கு நாங்கள் கண்ட வழி, சங்கத்தின் கடிதங்களுக்கு டவுனில் நம்பிக்கையான ஒரு கடையின் முகவரியைக் கொடுப்பது. அதோடு சங்கத்தின் தொலைபேசி இலக்கத்தைப் பிரதேச செயலகத்தில் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குப் பிரதியில் சீல் வாங்கி வைத்தோம்.

எங்கள் சங்கம் பதிவில்லாதது. கருத்துச் சொல்லலாமா?

தாராளமாக. கருத்துச் சொல்லப் பதிவுச் சான்றிதழ் தேவையில்லை. தனி ஆளாகவே எழுதலாம்.

அப்படியானால் பதிவு எதற்கு?

காசுக்கும் தொடர்ச்சிக்கும். வங்கியில் சங்கத்தின் பெயரில் கணக்குத் திறக்க, அரச ஒதுக்கீட்டில் கதிரையோ கூடாரமோ பெற, கூட்டங்களுக்கு அழைக்கப்படும் பட்டியலில் பெயர் இருக்க, பதிவு வேண்டும். தொண்டர் சமூக சேவை நிறுவனங்களுக்கான சட்டம் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம். ஒரு பிரதேசத்துக்குள் மட்டும் இயங்கும் சிறு சங்கங்கள் பிரதேச செயலகத்திலேயே விசாரிக்கலாம். இளைஞர் கழகம் என்றால் தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் பிரதேச உத்தியோகத்தரிடம் போங்கள்.

யாப்பு, உறுப்பினர் பட்டியல், தலைவர் செயலாளர் பொருளாளர் தெரிவான கூட்டத்தின் அறிக்கை, இவை எப்படியும் கேட்பார்கள். இன்னொருவர் யாப்பைப் பிரதி எடுத்துப் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்தின் யாப்பை அப்படியே எடுத்த ஒரு மரண சகாய சங்கம், பொதுக்கூட்டத்துக்கு 21 நாள் எழுத்து மூல அறிவித்தல் வேண்டும் என்ற வரியால் அவசரக் கூட்டம் கூட்ட முடியாமல் திண்டாடியது.

அறிவிப்பு சிங்களத்தில் மட்டும் வருகிறது. எங்களால் வாசிக்க முடியவில்லை. என்ன செய்வது?

முதலில், வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழில் தர வேண்டியது அவர்களின் கடமை, நமக்குச் செய்யும் உபகாரம் அல்ல. அரசியலமைப்பின்படி தமிழும் அரசகரும மொழி. நாட்டின் எந்த அரச அலுவலகத்துக்கும் தமிழில் எழுதவும் பதில் பெறவும் நமக்கு உரிமை உண்டு. மலையகத்தில் இன்னும் ஒரு படி மேலே. நுவரெலியா மாவட்டத்தின் அப்போதைய 5 பிரதேச செயலகப் பிரிவுகளும், பதுளை மாவட்டத்தில் பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹாலிஎல, பசறை உள்ளிட்ட பிரிவுகளும் 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. அங்கே பதிவேடும் அறிவிப்பும் இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும்.

நடைமுறையில் மூன்று காரியம் செய்யுங்கள். முதலாவது, சிங்களம் வாசிக்கத் தெரிந்தவரிடம் அன்றைக்கே கொடுத்து, திகதி என்ன, என்ன கேட்கிறார்கள் என்ற இரண்டை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். முழு மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்தால் நாள் போய்விடும். இரண்டாவது, "தமிழ்ப் பிரதி தாருங்கள், அது கிடைத்த நாளிலிருந்து கால அவகாசம் தாருங்கள்" என்று அலுவலகத்துக்கு அன்றே எழுதுங்கள். மூன்றாவது, தொடர்ந்தும் தராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அந்த ஆணைக்குழு, முறைப்பாடுகளை விசாரிக்கக் கடமைப்பட்டது. சிங்கள அறிவிப்பின் படத்தையும் நீங்கள் எழுதிய கடிதத்தின் பிரதியையும் சேர்த்து அனுப்புங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். பல அலுவலகங்களில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் ஒருவரோ இருவரோதான். எல்லாச் சுமையும் அவர்கள் தலையில். அவர்களோடு சண்டை பிடிக்காதீர்கள். ஆள் போதாது என்பதையே முறைப்பாடாக எழுதுங்கள், அது அவர்களுக்கும் உதவும்.

கருத்தை எப்படி எழுதுவது? எங்களில் யாருக்கும் அப்படி எழுதிப் பழக்கமில்லை.

நல்ல தமிழ்ப் புலமை தேவையில்லை. கூட்டம் போட்டு, பேசியதை ஒருவர் எழுதி, எல்லோருக்கும் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினால் அதுவே கருத்து.

நாங்கள் செய்கிற முறை இது. கூட்டத்தில் முதலில் அறிவிப்பைச் சத்தமாக வாசிப்போம். பிறகு ஒரே கேள்வி: "இது நடந்தால் உங்கள் வீட்டில் என்ன மாறும்?" அப்படிக் கேட்டால் யாரும் மேடைப் பேச்சுப் பேச மாட்டார்கள். "தண்ணீர்த் தாங்கி அந்தப் பக்கம் வந்தால் மேல் லயத்துக்குத் தண்ணீர் ஏறாது" என்று ஓர் அக்கா சொல்வார். "அந்த இடத்தில் மாரியம்மன் கோயிலுக்குத் தீர்த்தம் எடுக்கிற ஊற்று இருக்கிறது" என்று ஒரு தாத்தா சொல்வார். இந்த இரண்டு வாக்கியமும் எந்தப் பொறியியலாளரின் வரைபடத்திலும் இருக்காது.

எழுதும்போது முதல் பந்தியில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள். தோட்டம், டிவிசன், எத்தனை குடும்பம், சங்கம் எப்போதிலிருந்து இயங்குகிறது. அடுத்து, எந்த அறிவிப்புக்குப் பதில் எழுதுகிறீர்கள், அதன் இலக்கமும் திகதியும். பிறகு நேராக விஷயத்துக்கு வாருங்கள். இப்படி:

"எங்கள் டிவிசனில் 84 குடும்பங்கள் 5 லயங்களில் இருக்கின்றன. முன்மொழியப்பட்ட பஸ் தரிப்பிடத்துக்கு மேல் லயத்திலிருந்து நடந்து போக 40 நிமிடம் எடுக்கும். காலை பெரட்டுக்குப் பிறகு தாய்மார் பிள்ளைகளை அங்கே விட்டுத் திரும்ப முடியாது. ஆகவே பிள்ளை மடுவத்துக்கு (பிள்ளைக் காப்பகத்துக்கு) கீழேயுள்ள வளைவில் தரிப்பிடத்தை அமைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அந்த இடத்தின் படத்தை இணைத்துள்ளோம்."

இவ்வளவுதான். என்ன பிரச்சினை, யாருக்கு, எத்தனை பேருக்கு, அதற்குப் பதிலாக என்ன வேண்டும். "மலையக மக்கள் 200 வருடமாகப் புறக்கணிக்கப்பட்டு வருகிறார்கள்" என்று தொடங்கும் கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானே எழுதியுமிருக்கிறேன். அது முழு உண்மை. 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம்மவர்கள் நடந்தது அந்த உண்மையைச் சொல்லத்தான். ஆனால் தரிப்பிடம் எங்கே அமைய வேண்டும் என்று கேட்கிற உத்தியோகத்தர் அந்தப் பந்தியில் பதிலைத் தேடிக் களைத்துவிடுவார். அந்த வரலாறு கடைசிப் பந்தியில் வரட்டும்.

கையெழுத்திட முடியாதவர்கள் பெருவிரல் அடையாளம் வைக்கலாம், பக்கத்தில் பெயரை எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் அலுவலகச் சீலும் திகதியும் வாங்குங்கள். தபால் என்றால் பதிவுத் தபால், துண்டைக் கூட்டறிக்கைப் புத்தகத்தில் ஒட்டி வையுங்கள்.

தொழிற்சங்கம் இருக்கிறதே. தலைவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

சம்பளமும் வேலை நிபந்தனையும் தொழிற்சங்கத்தின் களம். சம்பள நிர்ணய சபையில் தொழிலாளர் சார்பில் உட்காருவதும் அவர்கள்தான். சங்கம் எழுதுவது அதற்குப் போட்டியாக அல்ல. தோட்டத் தலைவரை முதல் கூட்டத்துக்கே அழையுங்கள், கடிதத்தின் பிரதியைக் கொடுங்கள். வேறு வேறு தொழிற்சங்கங்களின் தலைவர்மார் ஒரே தோட்டத்தில் இருந்தால் எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுங்கள். ஒருவருக்கு முதலில் கொடுத்து மற்றவருக்குப் பிறகு கொடுத்ததால் நல்ல முயற்சி ஒன்று கலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நிர்வாகத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். தோட்டக் காணியில் ஏதாவது கட்டுவதென்றால் நிர்வாகத்தின் இணக்கம் தேவை. அரசாங்கத்தின் அறிவிப்புக்குக் கருத்துச் சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பிரதேச சபை தோட்டத்துக்குள் வேலை செய்ய முடியாது என்கிறார்களே?

அது பழைய கதை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டப்புறங்களில் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. நாம் வாக்களித்துத் தெரிவு செய்த சபையே நம் லயத்துப் பாதைக்குக் கல் போட முடியாமல் பல வருடம் போனது. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தத் தடையைத் தளர்த்தியது. அதே காலத்தில் அம்பகமுவ பிரதேச சபை பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா சபைகளும், நுவரெலியா பிரதேச சபை பிரிக்கப்பட்டு கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளும் வந்தன.

ஆகவே "சட்டத்தில் இடமில்லை" என்று யாராவது சொன்னால், திருத்தச் சட்டத்தின் இலக்கத்தைச் சொல்லுங்கள். "நிதியில்லை" என்று சொன்னால் அது பல சமயம் உண்மையாகவே இருக்கும். அப்போது அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்கக் கேளுங்கள். வருடக் கடைசியில் அது நிறைவேறும், ஆகவே ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே உங்கள் வட்டார உறுப்பினர் கையில் கோரிக்கை இருக்க வேண்டும். தீபாவளி முடிந்து யோசித்தால் பிந்திவிடும்.

மண்சரிவு எச்சரிக்கையும் இதில் சேருமா?

எல்லாவற்றுக்கும் முதலில் சேர வேண்டியது அதுதான்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. சேதி இருந்தது. ஆனால் "எங்களை எங்கே குடியேற்றப் போகிறீர்கள், எப்போது" என்று எழுத்தில் கேட்டு, பதில் வரும்வரை விடாமல் நின்ற கை ஒன்று இருக்கவில்லை. போன உயிர்களின் மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. கேட்கும் வேலையைத் தனித் தனிக் குடும்பங்களின் தலையில் விடக்கூடாது, சங்கம் எடுக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

2025 நவம்பர் கடைசி வாரத்தில் டித்வா புயல் வந்தபோது பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்து, பாதை, மின்சாரம், தொலைபேசி எல்லாம் ஒரே நேரத்தில் துண்டிக்கப்பட்டன. அப்போது தெரிந்தது, தொலைபேசியில் வரும் சேதியை மட்டும் நம்ப முடியாதென்று. கோயில் மணியும் ஒலிபெருக்கியும் வீடு வீடாக ஓடும் இளைஞர்களும்தான் சேதியைக் கொண்டுபோனார்கள்.

சங்கம் செய்ய வேண்டியவை: உங்கள் டிவிசன் ஆபத்துப் பகுதியா என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். எச்சரிக்கை மூன்று மட்டத்தில் வரும் என்பதை எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். மஞ்சள் என்றால் விழிப்பாயிருங்கள், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் உடனே வெளியேறுங்கள். நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு, மரங்கள் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, ஓடையில் திடீரெனச் சேற்றுத் தண்ணீர் வருவது, இவற்றைக் கண்டால் எச்சரிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ள வீடுகள் பட்டியலை மழைக்காலம் தொடங்கும் முன் எழுதி, இரண்டு பேர் வீட்டில் வையுங்கள்.

மீள்குடியேற்றத்துக்கு இடம் காட்டும்போது அதுவும் ஒரு கருத்துக் கேட்பே. தண்ணீர், பள்ளிக்கூடம், வேலைக்குப் போகும் தூரம், காணி உறுதி யாருடைய பெயரில் என்ற நான்கையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உறுதியில் மனைவியின் பெயரும் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

கேட்டால் தகவல் தர மறுக்கிறார்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். ஒவ்வோர் அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பிரசைகளாக இருந்தால் பதிவில்லாத சங்கமும் சங்கத்தின் பெயரிலேயே கேட்கலாம். நாடற்றவர் என்ற பெயரோடு நம் முன்னோர் எத்தனை அலுவலகப் படிகளில் நின்றார்கள் என்று நினைக்கும்போது, அந்த விண்ணப்பத்தில் "பிரசை" என்று எழுதுவது எனக்கு எப்போதும் சாதாரண விஷயமாகத் தெரிவதில்லை.

தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உயிரோடும் சுதந்திரத்தோடும் தொடர்பான தகவல் என்றால் 48 மணித்தியாலம். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு, அதிலும் திருப்தியில்லாவிட்டால் 2 மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு.

கேள்வியைச் சின்னதாக வையுங்கள். "எங்கள் தோட்டத்துக்குச் செய்த எல்லா அபிவிருத்தியும்" என்று கேட்டால் பதிலும் மொட்டையாக வரும். "இன்ன பாதைக்கு இன்ன வருடம் ஒதுக்கிய தொகை, ஒப்பந்தகாரர் பெயர், முடித்ததாகக் கையொப்பமிட்ட திகதி" என்று கேளுங்கள்.

பெண்கள் கூட்டத்துக்கு வருவதில்லை.

எத்தனை மணிக்குக் கூட்டம் வைக்கிறீர்கள்? மாலை 6 மணிக்கு வைத்தால், காலை 5 மணிக்கு எழுந்து சமைத்து, நாள் முழுக்க மலையேறிக் கொழுந்தெடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண் அடுப்படியில் நிற்பார். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு காலை, கோயில் மண்டபத்தில், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி வைத்துப் பாருங்கள். ஒரு தோட்டத்தில் அப்படி மாற்றியதும் ஆண்களை விடப் பெண்கள் கூடுதலாக வந்தார்கள். அன்றைக்குத்தான் மலையில் கழிப்பறை இல்லாத விஷயம் முதல்முறையாகக் கூட்டறிக்கையில் ஏறியது. அதுவரை ஆண்கள் மட்டும் பேசிய கூட்டங்களில் அது ஒருமுறையும் வரவில்லை.

வட்ஸ்அப்பில் வரும் அறிவிப்பை நம்பலாமா?

இலக்கம், திகதி, வெளியிட்ட அலுவலகம் மூன்றும் இல்லாவிட்டால் பகிராதீர்கள். காசு கேட்டாலோ அடையாள அட்டைப் படம் கேட்டாலோ கிராம உத்தியோகத்தரிடம் கேட்காமல் ஒன்றும் அனுப்பாதீர்கள். அரச நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசுமவின் பட்டியல் வந்த 2023இல் பொய்ப் படிவங்களும் சுற்றின. உண்மையான மேன்முறையீட்டுக்கு நாள் குறைவாக இருந்த நேரத்தில், பொய்ப் படிவத்தை நிரப்பிவிட்டு நிம்மதியாக இருந்தவர்களை நான் அறிவேன்.

எழுதினோம். பதிலே வரவில்லை.

ஒரு மாதம் பாருங்கள். பிறகு முதல் கடிதத்தின் பிரதியை இணைத்து நினைவூட்டல் அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லாவிட்டால், "எங்கள் கடிதத்தின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன" என்பதையே தகவல் விண்ணப்பமாகக் கேளுங்கள். நாங்கள் அப்படிக் கேட்ட ஒருமுறை, கடிதம் வேறு பிரிவுக்குத் தவறிப் போயிருந்தது தெரியவந்தது. எடுத்து உரிய கோவையில் வைத்தார்கள்.

திகதி முடிந்துவிட்டது. இனி எழுதிப் பயனுண்டா?

எழுதுங்கள், பிந்தியதற்கான காரணத்தையும் சேர்த்து. கடிதம் எந்தத் திகதியில் தோட்டத்துக்கு வந்தது, எந்தத் திகதியில் உங்கள் கைக்குக் கிடைத்தது என்று உறையின் தபால் முத்திரையைப் படம் எடுத்து இணையுங்கள். எங்கள் பாதைக்கு நாங்கள் அதைத்தான் செய்தோம். அந்த வருடம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருடக் கூட்டத்துக்கான அழைப்பு, டவுனில் நாங்கள் கொடுத்த கடை முகவரிக்கு 12 நாள் முன்னதாக வந்தது. மாதர் சங்கத்துச் செயலாளரும் நானும் போனோம்.